ஐயர் ஓதுவதும் நாங்கள் பாடுவதும்: சைவ நூல்கள் பற்றிய கேள்வி பதில்

எங்கள் ஊர்க் கோயிலில் புராணப் படிப்புக்குப் பயன், அதாவது பொருள், சொல்பவன் என்பதால், சமய நூல்களைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, கிறிஸ்தவர்களுக்கு பைபிள் இருக்கிறது. எங்களுக்கு எது என்று என் தோழி கேட்டாள். என்ன சொல்வது? (பத்தாம் வகுப்பு மாணவி, கொக்குவில்)

ஒரே ஒரு நூல் என்று இல்லைப் பிள்ளை. வேதம் நான்கு: இருக்கு, யசுர், சாமம், அதர்வம். சைவர்களுக்கு இதனோடு சிவாகமங்கள் 28 உண்டு. இரண்டும் இறைவன் நூல் என்கிறார் திருமூலர். வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்றும் பிரித்துச் சொல்கிறார். உன் ஊர்க் கோயிலில் மூலஸ்தானம் எங்கே, கொடிமரம் எங்கே, திருவிழா எப்படி என்பதெல்லாம் ஆகம வழி வந்தவை. தமிழில் சிவனைப் பாடும் பன்னிரு திருமுறைகளும், சைவத் தத்துவம் சொல்லும் மெய்கண்ட சாத்திரங்கள் 14உம் இருக்கின்றன. வைணவர்களுக்கு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். தோழியிடம் இவ்வளவையும் சொல், அவள் கேட்டது நல்ல கேள்வி.

பூசையில் ஐயர் சமஸ்கிருதத்தில் ஓதுகிறார், பிறகு தமிழில் பஞ்சபுராணம் பாடுகிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. அபிஷேகத்தின்போது ஓதப்படும் ஸ்ரீருத்ரம் யசுர் வேதத்தில் வருவது. அந்த வேதத்தின் ஒரு தொகுப்பான தைத்திரீய சங்கிதையின் ஏழு காண்டங்களில் நடுவில் இருக்கும் நான்காவதில் அது இருக்கிறது. ‘நமசிவாய’ என்னும் திருவைந்தெழுத்து அதற்குள்தான் வருகிறது. சம்பந்தர் ‘வேதம் நான்கினும் மெய்ப்பொருள் ஆவது நாதன் நாமம் நமச்சிவாயவே’ என்று பாடினாரே, அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறை ருத்ரத்தைக் கேளுங்கள். எனக்கு அது முதன்முதலில் காதில் பிடிபட்ட நாளில் உடம்பு சிலிர்த்தது.

பஞ்சபுராணம் என்று பெயர் இருந்தாலும், தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஐந்தில் கடைசி ஒன்றுதான் புராணம்.

கந்தபுராணம் வெறும் சண்டைக் கதைதானே? சூரனைக் கொல்வது எப்படிச் சமய நூலாகும்? (ஒரு தம்பி, மானிப்பாய்)

தம்பி, முருகன் சூரனைக் கொல்லவில்லை, அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடலில் மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது. அவன் சேவலும் மயிலுமாக வருகிறான். ஒன்று கொடியாகிறது, மற்றது வாகனமாகிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம், அதாவது உயிரை மறைக்கும் ‘நான்’ என்ற அழுக்கு, அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும். மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்றான சிவஞானபோதம் 12 சூத்திரங்களில் விளக்கும் தத்துவத்தை, காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் கதையாக நடத்திக் காட்டிவிடுகிறார்.

இந்த ஊர் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள், பயன் சொல்பவர் பிழை விட்டால் தூணடியில் இருந்தபடியே திருத்துவதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இதைத்தான் கந்தபுராணக் கலாசாரம் என்றார். சூரன்போர் பார்க்கப் போகிறாய் அல்லவா? அதற்கு முன் ஒரு நாளாவது படிப்புக்கு வந்து இரு.

பகவத் கீதை?

மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் வருவது. 18 அத்தியாயம், 700 சுலோகம். தாராளமாகப் படியுங்கள். ஆனால் முழு இந்து சமயமும் அதற்குள் அடங்கிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

பெண்கள் திருமுறை ஓதலாமா? ஒருவர் கூடாது என்று சொன்னார்.

தங்கச்சி, திருமுறையிலேயே ஒரு பெண்ணின் பாட்டு இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி பதினோராம் திருமுறையில் உள்ளது. இதற்கு மேல் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கனடாவில் வளரும் பேத்திக்கு எதில் தொடங்குவது?

திருவாசகத்துச் சிவபுராணத்தில் தொடங்குங்கள். 95 அடிகள்தான். கடையில் கேட்கும்போது கவனம், வடமொழியில் அதே பெயரில் ஒரு பெரிய புராணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தடி வீதம் வாட்ஸ்அப்பில் நீங்களே வாசித்து அனுப்புங்கள், அம்மம்மாவின் குரலில் போகட்டும். அடுத்ததாக ஆறுமுக நாவலருடைய சைவ வினாவிடை. அவர் குழந்தைகளுக்காகக் கேள்வி பதிலாகவே எழுதிவைத்தார்.

பழைய வீட்டுப் பெட்டகத்தில் ஒரு கட்டு ஏடு கிடைத்தது. கோயிலில் வைக்கலாமா, கடலில் விடுவதா?

தயவுசெய்து கடலில் விடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளும் எரிந்துபோயின. மிஞ்சியது வீடுகளில்தான் இருக்கிறது. எண்ணெய் எதுவும் பூச வேண்டாம், கயிற்றையும் அவிழ்க்க வேண்டாம், வரிசை குலைந்துவிடும். ஈரம் படாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஓரத்தில் தமிழ் எண்கள் தெரிகின்றனவா என்று பார்த்து, மேலே உள்ள ஏட்டை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். என்ன நூல் என்று வாசித்துப் பார்க்கிறேன்.