பழைய போனைக் கவிழ்த்துப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் உள்ள மெழுகுவர்த்தித் தண்டு போன்ற தொலைபேசியில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாகப் பொறித்திருக்கின்றன. கடைசித் தேதி 1904. அந்த ஆண்டில்தான் செய்திருப்பார்களா?

அவசரப்படாதீர்கள். பொறித்த தட்டு 1904-க்கு முந்தியதல்ல என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். அதே தேதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறிப்பார்கள்.

கேள்வி: வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 500 என்ற பழைய டயல் போன் வாங்கினேன். அடித்தட்டில் ஓர் ஆண்டு, ரிசீவருக்குள் வேறோர் ஆண்டு. ஏமாந்துவிட்டேனா?

இந்தச் சந்தேகம்தான் எனக்கு அதிகம் வருகிறது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக், அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்த நிறுவனம். பெல் போனை விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. சந்தாதாரர் திருப்பிக் கொடுத்த கருவி பணிமனைக்குப் போகும். அங்கே மூடியையும் வயரையும் மாற்றி, மெருகேற்றி, அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரே போனில் மூன்று ஆண்டுகள் தென்படுவது சர்வசாதாரணம்.

முழுக் கதையும் தெரிய வேண்டுமானால் திறந்துதான் பார்க்க வேண்டும். அடித்தட்டு, மணி, டயலின் முதுகு எல்லாவற்றிலும் தேடுங்கள். ‘11 62’ என்று மை முத்திரை இருந்தால் 1962 நவம்பர். பிறகு ரிசீவரில் பேசும் முனையின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் வட்ட மைக்கின் பின்புறமும் தேதி இருக்கும். கழற்றும்போது அந்த முனை மேல்நோக்கி இருக்கட்டும். மைக்கை எந்தத் திருகாணியும் பிடித்திருக்காது, வழுக்கி விழும். என் கால் கட்டைவிரலுக்கு இது நன்றாகத் தெரியும்.

எல்லாத் தேதிகளும் ஓரிரு மாத இடைவெளிக்குள் அமைந்தால், ஆலையிலிருந்து வந்த உருப்படி அப்படியே இருக்கிறது என்று கொள்ளலாம். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

கேள்வி: டயலில் 1-க்கு முன்னால் 0 வருகிறது. பிழையா?

பிழையில்லை, ஸ்வீடன் போன். அங்கே 0 சுழற்றினால் லைனில் ஒரு மின் துடிப்பு போகும். மற்ற நாடுகளில் பத்து. நியூசிலாந்தில் எண் வரிசையே தலைகீழ்: 1 சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். அதனால் அங்கே அவசர எண்ணான 111-க்கும் பிரிட்டனின் 999-க்கும் லைனில் போகும் துடிப்புகள் ஒன்றே.

டயலில் எழுத்துகள் இருந்தால் இன்னும் எளிது. 6-க்கு நேராக எம், என், ஓ மூன்றும் இருந்தால் அமெரிக்க டயல். 6-இல் எம், என் மட்டும் இருந்து, ஓ 0-வுக்குப் போயிருந்தால் பிரிட்டிஷ்.

கேள்வி: கைப்பிடி சுற்றும் போனை வீட்டு லைனில் மாட்டலாமா?

வேண்டாம். அது மேக்னெட்டோ வகை: கைப்பிடியைச் சுற்றினால் மணியடிக்கும் மின்சாரம் அதிலேயே உண்டாகும். பேசுவதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வராது, பக்கத்திலேயே பேட்டரி வேண்டும். கைப்பிடியைச் சுற்றும்போது முனைகளில் விரல் வைக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

கேள்வி: என் போன் பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கா, நகலா?

விரலால் நன்றாகத் தேய்த்து மோந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பு போன்ற வாடை வந்தால் பேக்கலைட்டாக இருக்கலாம். டயல் துளைகளில் அழுத்தும் பொத்தான்கள் இருந்தால், மோந்து பார்க்கவே வேண்டாம், நகல்தான். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல பொருளில் தழும்புதான் மிஞ்சும்.

கேள்வி: ‘பெல் சிஸ்டம் சொத்து, விற்பனைக்கு அல்ல’ என்று பொறித்திருக்கிறது. திருட்டுப் பொருளா?

வாடகைக் காலத்து முத்திரை அது. பெல் நிறுவனங்களின் கூட்டமைப்பான பெல் சிஸ்டமே 1984-இல் கலைந்துவிட்டது. கேட்டு யாரும் வரமாட்டார்கள்.