பி12 தொகுப்பும் அதன் பயனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைட்டமின் பி12 மூலக்கூறின் முழுமைத் தொகுப்பைப் பற்றி, அதாவது எளிய வேதிப்பொருட்களிலிருந்து அதை ஆய்வகத்தில் படிப்படியாகக் கட்டி முடித்ததைப் பற்றி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஹார்வர்டில் ராபர்ட் பர்ன்ஸ் வுட்வர்டும் சூரிச்சில் ஆல்பர்ட் எஷன்மோசரும் சுமார் நூறு ஆய்வாளர்களுடன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் உழைத்து, 1972இல் அதை முடித்தார்கள் என்கிறீர்கள். ஆனால் மருந்துக்கடையில் நாம் வாங்கும் பி12 மாத்திரைக்கான வைட்டமின், பாக்டீரியாக்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாராகிறது. நுண்ணுயிர் செய்துதருவதை இத்தனை செலவில் மறுபடியும் செய்துகாட்டுவது ஒரு பேராசிரியரின் புகழுக்கு மட்டும்தானா? முதுகலை வேதியியல் முடித்து இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல எண்ணியிருப்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் தகவல் சரியானது. வுட்வர்டின் வழியில் எந்தத் தொழிற்சாலையும் பி12 தயாரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வேலையைத் தொடங்கியபோது வைட்டமினும் கிடைத்துக்கொண்டிருந்தது, அதன் அமைப்பையும் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் 1956இலேயே கண்டறிந்துவிட்டிருந்தார். தெரியாமல் இருந்தது அந்த அமைப்பைச் சென்றடையும் வழி மட்டுமே. ஆகவே அந்த உழைப்பின் பயனை மாத்திரையில் தேடாமல், அந்த வழியில் எதிர்ப்பட்டவற்றில் தேடவேண்டும் என்பதே என் கருத்து.

தொகுப்பின் ஆரம்பக் கட்டத்தில், மூன்று இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்த ஒரு கார்பன் தொடரை மூடி ஆறணு வளையமாக்கும் வினையை வுட்வர்ட் திட்டமிட்டார். மூலக்கூறு மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது, தொடரின் இரு முனைகளிலும் உள்ள அணுத் தொகுதிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. வினை நடந்தது, ஆனால் தொகுதிகள் நேர்மாறான பாங்கில் அமைந்திருந்தன. மேலும் ஆராய்ந்தபோது, வெப்பத்தால் நிகழும் வினை ஒரு பாங்கையும் ஒளியால் நிகழும் வினை அதற்கு எதிரான பாங்கையும் தருவது புலப்பட்டது. இரண்டும் கலந்து வந்திருந்தால் அதை வழக்கமான தொல்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். இவ்வளவு தெளிவாகப் பிரிந்து வந்ததனால்தான், இதன் பின்னால் ஒரு விதி இருக்கவேண்டும் என்று அவர் கருதினார்.

அந்த விதியைக் கண்டுபிடிக்க அவர் நாடியது, அப்போது ஹார்வர்டில் இளம் கோட்பாட்டு ஆய்வாளராக இருந்த ரோல்ட் ஹாஃப்மனை. இருவரும் 1965இல் வெளியிட்ட கட்டுரைகள், எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும், அவை உலவும் வெளிகளான ஆர்பிட்டால்களின் சமச்சீரையும் கொண்டு இத்தகைய வினைகளின் போக்கை முன்கூட்டியே சொல்லமுடியும் என்று காட்டின. நீங்கள் முதுகலைப் பாடத்தில் பயின்ற வுட்வர்ட்-ஹாஃப்மன் விதிகள் இவைதாம். இதற்காக ஹாஃப்மனும், தனியே வேறொரு வழியில் இதே புரிதலை எட்டிய கெனிச்சி ஃபுகுயியும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். வுட்வர்ட் 1979இலேயே காலமாகிவிட்டார். ஒரு வைட்டமினைக் கட்டும் வேலையில் ஏற்பட்ட தடை, அந்த வைட்டமினோடு எந்தத் தொடர்பும் இல்லாத எண்ணற்ற வினைகளுக்கு விளக்கம் தந்திருக்கிறது. அந்தத் தடையை வேறெங்காவது சந்தித்திருக்கலாமே என்று வாதிடலாம்தான். ஆனால் கடினமான மூலக்கூறில் ஒவ்வொரு பிணைப்பும் குறித்த இடத்தில், குறித்த திசையில் அமைந்தே ஆகவேண்டும் என்பதால், அங்கே முரணான விடையைக் கண்டும் காணாமல் கடந்துபோக முடியாது.

மருந்தாகவே பயன் வேண்டும் என்றால் அதற்கும் உதாரணம் உண்டு. வுட்வர்டிடம் பணியாற்றி, பின்னர் ஹார்வர்டிலேயே பேராசிரியரான யோஷிடோ கிஷி, பாலிடாக்சின் என்னும் மிகப் பெரிய நச்சு மூலக்கூறைத் தொகுக்கும்போது, குரோமியம் குளோரைடைக் கொண்டு நிகழ்த்தும் ஒரு வினையைச் சார்ந்திருந்தார். அந்த உப்பை எங்கே வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து வினை சிலசமயம் நன்றாக நடந்தது, சிலசமயம் நடக்கவே இல்லை. உப்பில் மாசாகக் கலந்திருந்த மிகச் சிறிதளவு நிக்கல்தான் வினையை நடத்துகிறது என்பதை கிஷியின் குழுவும் ஜப்பானில் நொசாகியின் குழுவும் 1986இல் தனித்தனியே கண்டறிந்தன. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளை வெறும் 12.5 மில்லிகிராம் பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் சோதனை நடத்துவது நினைத்துப் பார்க்க முடியாதது. கிஷி 1992இல் அதன் முழுமைத் தொகுப்பை, நிக்கலும் குரோமியமும் சேர்ந்த அந்த வினையின் துணையோடு முடித்தார். வழியில் கிடைத்த துண்டுகளைச் சோதித்தபோது, மூலக்கூறின் வலப்பாதி மட்டுமே செல்கள் பிரிவதைத் தடுக்கப் போதுமானது என்று தெரிந்தது. அந்தப் பாதியிலிருந்து எய்சாய் என்ற ஜப்பானிய மருந்து நிறுவனம் உருவாக்கிய எரிபுலின், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. இதை எந்த நுண்ணுயிரும் நமக்குச் செய்துதருவதில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் முற்றிலும் தொகுப்பு முறையிலேயே தயாரிக்கிறார்கள். அதில் 19 கைரல் மையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இடக்கை, வலக்கை போல இரண்டு விதமாக அமையலாம் என்பதால் மொத்தம் 5,24,288 சாத்தியங்கள். அவற்றில் ஒன்றுதான் மருந்து.

இத்தனை படிகளுக்குப் பின் என்ன மிஞ்சும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் விளைந்தாலும், அறுபது படிகளை ஒரே வரிசையில் செய்தால் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. ஆகவே துண்டுகளைத் தனித்தனியாகக் கட்டி இறுதியில் இணைக்கிறார்கள். மிக நீண்ட வரிசை முப்பது படிகளாகக் குறைந்தால் நூற்றில் நான்கு பங்கு கிடைத்துவிடும்.

உங்கள் ஐயத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பேராசிரியரின் பெயரில் அறியப்படும் தொகுப்பு, உண்மையில் பல இளைஞர்களின் ஆண்டுகளைக் கொண்டு செய்யப்படுவது. தெரிந்த வினைகளை மட்டும் அடுக்கி, தெரிந்த மூலக்கூறை இன்னொரு முறை கட்டும் ஆய்வுகளும் ஏராளமாக வெளியாகின்றன. அவற்றை நான் ஆதரித்துப் பேசமாட்டேன். நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தில், எடுத்துக்கொண்டிருக்கும் மூலக்கூறின் எந்தப் பிணைப்பை உருவாக்க இன்னும் வழி இல்லை என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால், அந்த மூலக்கூறு கடையில் கிடைக்கும் ஒன்றாகவே இருந்தாலும் தயங்காமல் சேருங்கள்.