வாசகர் கேள்வி-பதில்: கண்ணில் படாத ஃபிரான்சியம்

கேள்வி: ஃபிரான்சியம் என்ற கதிரியக்கத் தனிமம் மண்ணிலேயே இருக்கிறதாமே, பிரித்தெடுத்துச் சேர்த்து வைக்க முடியாதா?

பதில்: முடியாது. யுரேனியம்-235 படிப்படியாகச் சிதையும் வழியில் ஆக்டினியம்-227 உருவாகிறது. அதில் நூற்றுக்கு 1.4 பங்கு அணுக்கள் மட்டுமே ஆல்ஃபா துகளை உமிழ்ந்து ஃபிரான்சியம்-223 ஆகின்றன. அதன் அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) 22 நிமிடம்தான்; ஃபிரான்சியத்தின் ஐசோடோப்புகளிலேயே (நிறை மட்டும் வேறுபடும் அணு வகைகளிலேயே) அதிக நேரம் தாக்குப்பிடிப்பது இதுவே. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே எஞ்சும். மற்றவை பெரும்பாலும் ரேடியம்-223 ஆகியிருக்கும். பூமியின் மேலோடு முழுவதிலும் ஒரு நேரத்தில் 30 கிராம் தேறினாலே அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள்.

கேள்வி: தண்ணீரில் போட்டால் சீசியத்தைவிடப் பலமாக வெடிக்குமா?

பதில்: அப்படிப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு யாரும் சேர்த்ததே இல்லை. ஒரு கிராம் சேர்ந்தால்கூட, சிதைவு வெப்பமே பல பத்து கிலோவாட் இருக்கும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். சோடியம், சீசியம், ஃபிரான்சியம் ஆகியவை அடங்கிய கார உலோகங்களைப் பற்றி, ‘தனிம அட்டவணையில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும்’ என்ற பாடப்புத்தக விதியையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 87 புரோட்டான்களின் இழுப்பில் எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுவதால், சார்பியல் விளைவு (ஒளியின் வேகத்தை நெருங்கும்போது தோன்றும் மாற்றம்) வெளி எலக்ட்ரானைக் கருவை நோக்கி நெருக்குகிறது. அதைப் பிடுங்க மோலுக்குச் சுமார் 393 கிலோஜூல் வேண்டும். சீசியத்துக்கு 376 போதும்; அதாவது, ஃபிரான்சியம்தான் எலக்ட்ரானை விடத் தயங்கும்.

கேள்வி: இவ்வளவு சீக்கிரம் அழிவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: வேகத்தால்தான். 1939இல் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் மார்கரித் பெரே, ஆக்டினியத்திலிருந்து அதன் சேய்த் தனிமங்களை (சிதைவில் உருவாகுபவற்றை) நீக்கிய கையோடு அளந்தார். பீட்டா கதிர்வீச்சு நிமிடக் கணக்கில் ஏறியது; புதிதாக ஒன்று உருவாவதன் அடையாளம் அது. தாமதித்தால் மற்ற சேய்த் தனிமங்கள் பெருகி அந்த ஏற்றத்தை மூடிவிடும். சீசியம் உப்பைக் கலந்து பெர்குளோரேட் என்ற கரையாத உப்பாக வீழ்படிவாக்கியபோது (கரைசலின் அடியில் படியவைத்தபோது), புதிய கதிரியக்கமும் சீசியத்தோடு சேர்ந்தே படிந்தது. கார உலோகம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? பெரேயின் கைத்திறனுக்கு எத்தனை முறை தலைவணங்கினாலும் தகும்.

கேள்வி: பின்னர் ஆய்வுக்கு எப்படித் தயாரித்தார்கள்?

பதில்: அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சூடான தங்கத்தின் மீது ஆக்சிஜன்-18 அயனிகளை மோதவிட்டார்கள். கிடைத்த ஃபிரான்சியம்-210, 3.2 நிமிடத்தில் பாதியாகும். வெளிவரும் அயனிகளைச் சூடான இட்ரியம் தகட்டில் நடுநிலை அணுக்களாக்கி, 718 நானோமீட்டர் லேசரும் காந்தப்புலமும் கொண்டு கண்ணாடிக் கலத்தில் பிடித்தார்கள். அணுக்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் வீண். அதனால் உட்புறத்தில் ஒட்டாத பூச்சு அவசியம். 1996இல் சுமார் ஆயிரம் அணுக்கள் சிக்கின, பின்னர் மூன்று லட்சம் வரை.