வாசகர் கேள்வி – பதில்: போருக்குப் பிந்தைய ‘அரியெட்டே’ கவசப் படை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி எழுப்பிய கவசப் படைகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அரியெட்டே என்ற டாங்கிப் படையைப் பற்றியவை. (படை அளவில் டிவிஷன் பெரியது; பிரிகேட், ரெஜிமென்ட், பட்டாலியன் என்று வரிசையாகச் சிறுக்கும்.) ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: 1942 நவம்பரில் எகிப்தின் எல் அலமெய்னில் அழிந்த அரியெட்டே டிவிஷன்தானே இன்று வடகிழக்கு இத்தாலியின் போர்தெனோனேயில் இருக்கும் அரியெட்டே பிரிகேட்?

பெயரும் 132 என்ற எண்ணும் அதேதான். ஆனால் படை இடையறாமல் தொடர்ந்து வந்ததல்ல. எல் அலமெய்னில் டிவிஷன் நவம்பர் 4 அன்று முடிந்துபோனது. 1943-இல் இத்தாலிக்குள்ளேயே அரியெட்டே என்ற பெயரில் இன்னொரு கவச டிவிஷன், 135 என்ற எண்ணுடன், உருவானது. அந்தச் செப்டம்பரில் ரோமுக்கு வடக்கே ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டது. நேச நாடுகளோடு இத்தாலி செய்துகொண்ட போர்நிறுத்தத்துக்குப் பின் அதுவும் கலைந்தது. போருக்குப் பின் 1948-இல் ரோமில் ஒரு கவச பிரிகேடாகப் பெயர் திரும்பி வந்தது. 1952 அக்டோபர் 1 அன்று அது டிவிஷனாக உயர்ந்து வடகிழக்கே ஃபிரியூலிக்குப் போய்ச் சேர்ந்தது.

பலரும் தவறவிடும் இடம் 1986. அந்த ஆண்டு இத்தாலியத் தரைப்படை டிவிஷன் மட்டத்தையே எடுத்துவிட்டது. அரியெட்டே டிவிஷனும் கலைக்கப்பட்டது. அதன் கீழிருந்த மூன்று பிரிகேடுகளில் ஒன்றான ‘மானீன்’ கவச பிரிகேடுக்கு அரியெட்டே என்ற பெயரைக் கொடுத்தார்கள். ஆகவே இன்றைய பிரிகேட், 1952-இன் டிவிஷன் சுருங்கி நின்றது என்பதைவிட, மானீன் பெயர் மாறியது என்பதே சரி.

அப்படியானால் மரபு எங்கே தொடர்கிறது? ரெஜிமென்டில். இத்தாலியில் போர்க்கொடியும் அதில் கட்டப்படும் பதக்கங்களும் ரெஜிமென்டுக்கு உரியவை. டிவிஷனுக்கும் பிரிகேடுக்கும் கொடி கிடையாது. 132-வது டாங்கி ரெஜிமென்ட் வட ஆப்பிரிக்காவில் அரியெட்டேயில் இருந்தது, இன்றும் இருக்கிறது. இத்தாலியப் படை வரலாறு படிப்பவர் மேலே இருக்கும் பெயரை விட்டுவிட்டு ரெஜிமென்ட் எண்ணைப் பின்தொடர்ந்தால் குழப்பத்தில் பாதி தீரும்.

கேள்வி: போரில் தோற்ற நாடு. சமாதான உடன்படிக்கை டாங்கிகளுக்கு வரம்பு போட்டிருந்ததே, பிறகு எப்படிக் கவச டிவிஷன்?

1947 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை கனரக, நடுத்தர டாங்கிகள் மொத்தம் 200-க்கு மேல் இருக்கக் கூடாது என்றது. தரைப்படைக்கு 1,85,000 பேர், ராணுவக் காவல் படையான கராபினியேரிக்கு 65,000 பேர் என்பதும் அதே உடன்படிக்கைதான். நாடு முழுவதற்குமே 200 டாங்கி என்றால் அதிலிருந்து ஒரு முழுக் கவச டிவிஷனை எழுப்பி, மற்ற படைகளுக்கும் டாங்கி கொடுப்பது நடக்காத காரியம். 1948-இல் பிரிகேடோடு நின்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது கையில் இருந்தவையும் நேச நாடுகள் விட்டுச்சென்ற ஷெர்மன் போன்ற பழைய வண்டிகள்தாம்.

1949-இல் இத்தாலி நேட்டோவில் சேர்ந்தது. அமெரிக்க ராணுவ உதவி வரத் தொடங்கியது. 1951-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் இந்த வரம்புகளிலிருந்து இத்தாலியை விடுவிக்க முன்வந்தன. மறு ஆண்டே அரியெட்டே டிவிஷனாகிவிட்டது.

கேள்வி: நாட்டின் ஒரு மூலையான ஃபிரியூலியில் ஏன் கொண்டுபோய் வைத்தார்கள்?

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். கிழக்கிலிருந்து டாங்கிகள் இத்தாலிக்குள் வரக்கூடிய அகலமான வழி, ஆல்ப்ஸ் அடிவாரத்துக்கும் ஏட்ரியாடிக் கடலுக்கும் நடுவே கோரிசியா பக்கம் திறந்து கிடக்கும் சமவெளி. ட்ரியெஸ்டே நகரம் யாருக்கு என்ற தகராறில் 1953-இல் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் எல்லையில் படை குவித்தன. அது 1954-இல் தணிந்தது. வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் ஹங்கேரி வழியாக வந்துவிடும் என்ற கவலை மட்டும் பனிப்போர் முடியும்வரை நீடித்தது.

அரியெட்டேயை எல்லையில் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னே காலாட்படை டிவிஷன்கள், பதுங்கு அரண்களில் இருந்து தடுத்து நிறுத்தும் படைகள். பின்னே தாலியாமெந்தோ ஆற்றுக்கு மேற்கே அரியெட்டே. எதிரியின் முக்கிய அடி எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்த பிறகு திருப்பி அடிப்பதற்கான படை இது. முன்கூட்டியே எல்லையில் இறக்கினால் எதிரி வேறு வழியில் சுற்றிப் போய்விடுவான்.

இந்த இடத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. திருப்பி அடிக்க வேண்டுமானால் டிவிஷனே ஆற்றைக் கடந்தாக வேண்டும். தாலியாமெந்தோவின் படுகை பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலம். பெரும்பகுதி வெறும் கூழாங்கல், நடுவே பிரிந்து பிரிந்து ஓடும் சின்ன ஓடைகள். வறண்ட நாளில் டாங்கி இறங்கிப் போய்விடும். மலையில் மழை பெய்தால் அதே படுகை நிரம்பி ஓடும். பாலத்தை நம்பித்தான் ஆக வேண்டும், பாலமோ எதிரி விமானம் முதலில் குறிவைக்கும் பொருள். கடக்கும் இடங்களையும் பாலம் போடும் பொறியாளர்களையும் ஒதுக்கிவிட்டுக் கவசப் படையை மட்டும் எண்ணினால் அந்தக் காலப் பாதுகாப்புத் திட்டம் புரியாது.

கேள்வி: ‘மக்ரெதி’ என்ற பயிற்சி நிலம் டாங்கிகளுக்குக் கெடுதல் என்கிறார்களே, எப்படி?

போர்தெனோனேக்கு வடக்கே செல்லினா, மெதூனா ஆறுகள் கூழாங்கல் படிவுக்குள் இறங்கி மறையும் பகுதி அது. மேலே மெலிந்த புல், கீழே முழுக்கக் கல். பரந்த வெளி என்பதால் டாங்கிப் பயிற்சிக்கு ஏற்றது. ஆனால் கல் சங்கிலித் தடத்துக்கு எதிரி.

வண்டி கூர்மையாகத் திரும்பும்போது, திருப்பத்தின் உள்பக்கத் தடம் கற்களை அள்ளிக் குவிக்கும். தடம் தொய்வாக இருந்தால் கற்கள் தடத்துக்கும் பின்னால் இருக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே ஏறிக்கொள்ளும். தடம் பல்லை விட்டு உயர்ந்து பக்கவாட்டில் கழன்றுவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் செய்யக் கூடாதது, வண்டியை ஆட்டித் திருப்பித் தடத்தை மறுபடி ஏற்றிவிடப் பார்ப்பது. பாதி கழன்ற தடம் முழுதும் கழன்று முறுக்கிக்கொள்ளும். அரை மணி வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

எம்47, எம்60 என்ற அமெரிக்க டாங்கி வகைகளில் முறை இது: உடனே நிறுத்த வேண்டும். பற்சக்கரத்தைச் சுற்றியுள்ள கற்களைக் கடப்பாரையால் கிளறி எடுக்க வேண்டும். முன்சக்கரத்தை முன்னே தள்ளிப் பிடித்திருக்கும் இழுவை அமைப்பைத் தளர்த்த வேண்டும். பிறகு தடத்தின் இரு ஓரத்திலும் இருக்கும் இணைப்பான்களின் ஆப்பையும் போல்ட்டையும் கழற்றித் தடத்தைப் பிரித்து, நேராகத் தரையில் விரித்து, அதன்மேல் வண்டியை ஏற்றி, கம்பிவடத்தால் நுனியை இழுத்துப் பற்சக்கரத்தின் மேல் போட்டு மறுபடி இணைக்க வேண்டும். கடைசியில் இழுவையைச் சரிசெய்து சற்றுத் தூரம் நேராக ஓட்டி, போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்குவதை விட்டுவிடக் கூடாது. மீண்டும் கழல்வதற்கு அந்தச் சோம்பலே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: 1975 மறுசீரமைப்பில் டிவிஷனுக்குள் என்னதான் மாறியது?

முன்பு டிவிஷனின் முதுகெலும்பு ரெஜிமென்டுகள்: 8-வது பெர்சாலியேரி (இத்தாலியின் வேகக் காலாட்படை), 32-வது, 132-வது டாங்கி ரெஜிமென்டுகள், 132-வது பீரங்கி ரெஜிமென்ட். 1975-இல் ரெஜிமென்ட் மட்டம் எடுக்கப்பட்டது. பட்டாலியன்கள் நேரடியாக பிரிகேடின் கீழ் வந்தன. எண்ணைப் பார்த்தால் யார் யாரிடமிருந்து வந்தார்கள் என்பது தெரியும்: 8-வது ரெஜிமென்டிலிருந்து 8-வது இயந்திரமயக் காலாட்படை பிரிகேட் ‘கரிபால்டி’, போர்தெனோனேயில், 32-இலிருந்து ‘மாமெலி’ கவச பிரிகேட், ஸ்பிலிம்பெர்கோ அருகே தௌரியானோவில், 132-இலிருந்து ‘மானீன்’, அவியானோவில்.

பணமும் ஆளும் குறைந்ததே காரணம். கட்டாய ராணுவ சேவை 15 மாதத்திலிருந்து 12 மாதமானது. ஒவ்வொரு படைவீரனும் மூன்று மாதம் முன்னதாக வீடு திரும்பினால் பயிற்சி பெற்றவர்கள் அந்த அளவுக்குக் குறைவார்கள். பாதி ஆளோடு பல பட்டாலியன்களை வைத்திருப்பதைவிட, எண்ணிக்கையைக் குறைத்து முழு ஆளோடு வைத்திருக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நம் பார்வையில் அது சரியான முடிவு.

ஒரு கவச பிரிகேடில் இரண்டு டாங்கி பட்டாலியன், ஒரு பெர்சாலியேரி பட்டாலியன், தானே நகரும் 155 மி.மீ. எம்109 பீரங்கிப் பிரிவு ஒன்று, அவற்றோடு வழங்கல், பொறியாளர், டாங்கி எதிர்ப்பு, தகவல்தொடர்புப் பிரிவுகள். டாங்கி பட்டாலியனில் சுமார் 430 பேர். காலாட்படை வகை பட்டாலியனில் சுமார் 900 பேர்.

பழைய பட்டியல்களைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1975-க்குப் பின் டாங்கி பட்டாலியன்களுக்குத் தங்கப் பதக்கம் பெற்ற வீரர்களின் பெயரையும் பெர்சாலியேரி பட்டாலியன்களுக்குப் போர்க்களங்களின் பெயரையும் வைத்தார்கள். டாங்கி பட்டாலியன் பெயருக்கு முன் வரும் ‘எம்.ஓ.’ தங்கப் பதக்கத்தைக் குறிப்பது. அதை அந்த வீரரின் தலைப்பெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எம்47-ஐ விட்டு எம்60ஏ1-க்குப் போனதில் உண்மையான லாபம் என்ன? குண்டின் அளவு மட்டுமா?

90 மி.மீ.யிலிருந்து 105 மி.மீ.க்குப் போனது பெரிய விஷயம்தான். ஆனால் டிவிஷனுக்குக் கிடைத்த பெரிய லாபம் எரிபொருளில் இருக்கிறது. எம்47-இன் பெட்ரோல் இன்ஜின் சுமார் 880 லிட்டரைக் குடித்துவிட்டு 130 கிலோமீட்டர்தான் ஓடும். எம்60ஏ1-இன் டீசல் இன்ஜின் சுமார் 1,400 லிட்டரில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 680 லிட்டர் என்பது 280 ஆகிறது. 50 டாங்கிகளை நூறு கிலோமீட்டர் நகர்த்த 34,000 லிட்டர் பெட்ரோல் தேவைப்பட்ட இடத்தில் 14,000 லிட்டர் டீசல் போதும். சாலையில் எரிபொருள் லாரிகள் பாதிக்கும் கீழே குறையும். குண்டடி பட்டால் பெட்ரோல் போல டீசல் சட்டென்று பற்றிக்கொள்ளாது.

இன்னொன்று தூரமானி. எம்47-இல் குறிபார்ப்பவர் இரு கண்ணாலும் ஆழம் கண்டு தூரத்தைக் கணிக்க வேண்டும். எல்லோருடைய கண்ணுக்கும் அது வராது. வருபவருக்கும் நீண்ட பயிற்சி வேண்டும். எம்60ஏ1-இல் பிரிந்து தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்தால் தூரம் கிடைத்துவிடும். ஓராண்டில் ஊர் திரும்பும் கட்டாயச் சேவை இளைஞனுக்கு இந்த வேறுபாடு பெரியது.

இத்தாலியிடம் எம்60ஏ1 மொத்தம் 300 இருந்தன: 100 அமெரிக்காவிலிருந்து, 200 ஓட்டோ மெலாரா என்ற இத்தாலிய நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தவை. பிறகு வந்த ஜெர்மன் டாங்கியான லெப்பர்ட் 1 வகை 920. இரண்டுக்கும் ஒரே 105 மி.மீ. குண்டு பொருந்தும், இன்ஜின், தடம், சக்கரம் எதுவும் பொருந்தாது. அதனால் இரண்டு வகையையும் ஒரே பிரிகேடில் கலந்து வைத்தால் பழுதுபார்க்கும் பிரிவு இரட்டைக் கையிருப்பு சுமக்க நேரிடும்.

கேள்வி: சென்டாரோ என்ற இன்னொரு கவச டிவிஷன் என்ன ஆனது?

1950-களின் தொடக்கத்தில் வெரோனாவில் எழுந்து நொவாராவுக்கு மாறியது. 1986-இல் அதுவும் பிரிகேடாகி, 2002-இல் கலைக்கப்பட்டது. மூன்றாவதாக எழுந்த ‘பொத்சுவோலோ தெல் ஃபிரியூலி’ சில ஆண்டுகளிலேயே டிவிஷன் என்ற நிலையை இழந்து குதிரைப்படை பிரிகேடானது.

கேள்வி: 2004-இல் இராக்கின் நசிரியாவில் அரியெட்டே டாங்கிகள் பாலங்களைக் கைப்பற்றினவா?

இரண்டு செய்திகள் இதில் கலந்துவிட்டன. ஏப்ரல் 6 அன்று யூப்ரடீஸ் ஆற்றின் மூன்று பாலங்களுக்காகப் போரிட்டது அரியெட்டே *பிரிகேட்*, முக்கியமாக 11-வது பெர்சாலியேரி ரெஜிமென்ட். அப்போது பிரிகேடின் தளபதி ஜெனரல் ஜான் மார்கோ கியாரினி. அரியெட்டே என்ற *டாங்கி* அன்று அங்கே இல்லை; 105 மி.மீ. பீரங்கி பூட்டிய, சென்டாரோ என்றே பெயர் கொண்ட எட்டுச் சக்கர வண்டிகள்தாம் (மேலே சொன்ன டிவிஷன் அல்ல) துணைக்கு நின்றன. அரியெட்டே டாங்கிகள் அதே ஆண்டில் பின்னர் அனுப்பப்பட்டன.

அந்த டாங்கி 120 மி.மீ. பீரங்கியும் நான்கு பேர் குழுவும் கொண்ட 54 டன் வண்டி. 1995 முதல் 2002 வரை 200 கொடுக்கப்பட்டன. பிரிகேடின் பெயரைத் தாங்கினாலும் அந்தப் பிரிகேடுக்கு மட்டும் உரியதல்ல. தெற்கே பெர்சானோவில், இப்போது கரிபால்டி பிரிகேடின் கீழ் உள்ள 4-வது டாங்கி ரெஜிமென்டும் இதை ஓட்டுகிறது.

கேள்வி: ஒரு பட்டாலியனின் இன்றைய வாரிசு யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1975-இல் ரெஜிமென்டின் கொடி எந்தப் பட்டாலியனிடம் போனது என்று முதலில் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் ரெஜிமென்டுகள் திரும்பி வந்தபோது அந்தப் பட்டாலியனே பழைய எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக 132-வது டாங்கி ரெஜிமென்டின் மரபை 1975-இல் 8-வது டாங்கி பட்டாலியன் ஏற்றது. பின்னர் அதைக் கொண்டே 132-வது ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. இப்போதைய ரெஜிமென்டில் ஒரே ஒரு பட்டாலியன்தான் உண்டு. பழைய ரெஜிமென்டின் பலத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பிழை வரும்.

இன்று 132-வது கோர்தெனோன்ஸிலும், 32-வது தௌரியானோவிலும், 11-வது பெர்சாலியேரி போர்தெனோனே அருகே ஒர்செனிகோ சுப்பீரியோரேயிலும், 132-வது பீரங்கி மானியாகோவிலும் இருக்கின்றன. 10-வது பொறியாளர் ரெஜிமென்ட் மட்டும் தொலைவில், கிரெமோனாவில்.