மௌசி சம்பளத்துக்கு என்ன வழி?

கே: அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் மௌசிக்கு நாளைக்கு 800 ரூபாய். என் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது. மருத்துவக் காப்பீட்டில் கேட்கலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

ப: கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். வீட்டில் நடக்கும் சிகிச்சைக்குச் சில பாலிசிகள் தரும். குளிப்பாட்டி டயப்பர் மாற்றுகிறவருக்கு வழக்கமாகத் தராது. 70 தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டையும் (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடு) ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும். அதையும் வாங்கி வையுங்கள், அது வேறு.

முதலில் அம்மாவின் பணத்தை எடுங்கள். கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. என் மாமியாரின் டெபாசிட்டைப் பேரனுக்கென்று பூட்டி வைத்துவிட்டு, ஆயாவுக்கு நகையை அடகு வைத்த புத்திசாலிகள் நாங்கள்! அம்மாவிடம் 15 லட்சம் இருந்தால், தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கைக்கு வரும்.

அப்புறம் மாற்றுத்திறனாளி சான்றிதழ். பாதிப்பு 40 சதவீதம் என்றால், பழைய வரி முறையில் உங்கள் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிக்கலாம். 80 சதவீதம் என்றால் 1,25,000. அம்மா உங்களைச் சார்ந்திருக்க வேண்டும். மௌசியின் ரசீது தேவையில்லை.

வீடு அம்மா பேரிலா? ரிவர்ஸ் மார்ட்கேஜில், அதாவது வீட்டை அடமானமாக வைத்தால், வங்கி மாதாமாதம் கடனாகப் பணம் தரும், அவர் அங்கேயே இருக்கலாம். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆமாம், அண்ணன் தம்பி யாராவது உண்டா? அதை நீங்கள் எழுதவே இல்லையே!