சாவி யாரிடம் இருக்கிறது?

வணக்கம் ஐயா,

டெக்ஸாஸில் சான் அன்டோனியோவுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் எழுபதை நெருங்குகிறவர், தங்கமான மனிதர். 2021 பிப்ரவரி பனிப்புயலில் கரண்ட் போனபோது எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். போன தேங்க்ஸ்கிவிங் அன்று விருந்து முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்து, தன் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய வின்செஸ்டர், அமெரிக்க ராணுவத்தின் பழைய ரைபிளான கேரண்ட், அவர் அப்பா போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த லூகர் கைத்துப்பாக்கி, அப்புறம் ராணுவ ரைபிள் ஜாடையில் வருகிற ஏஆர்-15 மட்டும் ஏழெட்டு. மொத்தம் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். நாங்கள் தொட்டுவிட்டு வைத்ததை எல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. கேரண்டைப் பிடித்து ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன் (இணைத்திருக்கிறேன்). மதுரையிலிருந்து மாமனார் போன் போட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார். தெருக்கோடி வீட்டுக்காரருடைய பேரனும் என் மகனும் ஒரே வகுப்பு, இனி அந்த வீட்டுக்கு இவனை விளையாட அனுப்பக் கூடாது என்கிறாள் மனைவி.

அகிம்சையில் ஊறிய தமிழ் மரபில் வந்த எனக்கு ஏன் இந்தப் பரவசம்? இந்த அமெரிக்கர்களுக்கு ஏன் இந்த வெறி? மகனை அனுப்பலாமா? இதைப் பற்றிப் படிக்க நூல் ஏதாவது சொல்ல முடியுமா?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றி வருகிற கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. அங்கே ஏதாவது பள்ளிக்கூடத்தில் சுட்டுவிட்டால் போதும், இங்கே என் மின்னஞ்சல் நிரம்பிவிடும். எழுதுகிறவர்கள் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு என் கையெழுத்தை மட்டும் கேட்பார்கள். உங்கள் கடிதத்தில் அந்த எண்ணெய்த் துணி இருந்தது. போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். போன மாதம் குடகிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்ததிலிருந்து நானும் அப்படி ஒரு துணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் படம். கேரண்டைப் பிடித்திருக்கிறீர்கள், சரி. விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? விசையின் மேல். குழல் எதைப் பார்க்கிறது? படத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற யாரோ ஒருவருடைய முழங்கையை. துப்பாக்கி பழகுகிற எவனுக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினைத்துக்கொள், சுடப்போகிற நொடிவரை விரலை வெளியே வை, அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. காலி என்றுதான் அவர் சொன்னார் என்பீர்கள். காலி என்று சொல்லப்பட்ட துப்பாக்கியால் செத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் மாமனார் எதற்குத் திட்டினாரோ தெரியாது, நான் இதற்குத் திட்டுகிறேன். அத்தனை வருடம் பழகிய அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு உங்கள் கையைத் தட்டிவிடவில்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

அப்புறம் அந்த அகிம்சை. தமிழ் மரபு அகிம்சையில் ஊறியது என்று உங்களுக்கு யார் சொன்னது? புறநானூற்றில் பாதி போர்க்களம். தர்மபுரி பக்கம் போனால் காட்டிலும் மேட்டிலும் நடுகல், கையில் வில்லும் வாளும். ஊர் எல்லையில் ஐயனார் பூங்கொத்தா வைத்திருக்கிறார்? ஆயுத பூஜை அன்று உங்கள் லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தீர்களா இல்லையா? விடுங்கள், இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

கேரண்டைப் பார்த்துச் சிலிர்த்ததில் தப்பே இல்லை. நன்றாகச் செய்த எந்தப் பொருளைப் பார்த்தாலும் சிலிர்க்கத்தான் செய்யும். அதை வடிவமைத்த ஜான் கேரண்ட் கனடாவில், க்யூபெக்கில் பிறந்தவர். ஸ்ப்ரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள், அவருக்கு உரிமைத்தொகை என்று ஒரு டாலர்கூடக் கிடையாது. உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் சன்மானம் கொடுக்கலாம் என்று அங்கே நாடாளுமன்றத்தில் மசோதா வந்து, அதுவும் நிறைவேறாமல் போனது. எட்டுக் குண்டுகளை ஒரு இரும்புப் பட்டையில் கோத்து மேலிருந்து அழுத்திப் போட வேண்டும். எட்டாவதும் வெடித்ததும் காலிப் பட்டை டிங் என்று துள்ளி வெளியே விழும். போடும்போது கட்டைவிரலைச் சட்டென்று எடுக்காவிட்டால் போல்ட் வந்து நசுக்கிவிடும், அந்தக் காயத்துக்குக் கேரண்ட் கட்டைவிரல் என்றே பெயர்.

சேகரிப்பாளர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அசல் சேகரிப்பாளன் பழைய துப்பாக்கியைப் பளபளப்பாக்க மாட்டான். இரும்பின் நீலப்பூச்சு மங்கியிருந்தால் மங்கலாகவே விட்டுவிடுவான், புதுசாகப் பூசினால் மதிப்பு போய்விடும். லூகர் என்றால் ஒவ்வொரு பாகத்திலும் அடித்திருக்கிற எண் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பான். வின்செஸ்டர் மாடல் 70 என்றால் 1964-க்கு முந்தியதா என்று கேட்பான். அந்த வருடம் கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பையே மாற்றியது, முந்தியதற்கு இன்றைக்கும் தனி விலை. மனிதக் கையின் வியர்வை உப்பு பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அதனால்தான் உங்கள் நண்பர் துடைத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் படிப்பு. நாணயம் சேர்க்கிறவரிடமும் ஓலைச்சுவடி சேர்க்கிறவரிடமும் இருக்கிற அதே படிப்பு.

ஆனால் அந்த ஏழெட்டு ஏஆர்-15? அவற்றுக்கும் கதை சொன்னாரா? என்ன கதை, போன வருடம் கடையில் வாங்கினேன், இதற்கு இந்த ஸ்கோப் போட்டேன் என்பதைத் தவிர? இங்கேதான் சேகரிப்பு முடிந்து குவிப்பு ஆரம்பிக்கிறது. 2017-இல் அந்த நாட்டில் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி என்று ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டது, ஆட்களைவிட அதிகம். எல்லாரும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் எடுத்த கணக்குப்படி, வயதுவந்தோரில் வெறும் 3 சதவீதம் பேரிடம் மொத்தத்தில் பாதி இருந்தது, தலைக்குச் சராசரி 17. உங்கள் தெருக்கோடிக்காரர் அந்த 3 சதவீதத்தில் ஒருவர். அமெரிக்கர்களுக்கு ஏன் இந்த வெறி என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில், பெரும்பாலோருக்கு இல்லை.

காட்டுவதில்தான் எனக்குச் சண்டை. 2021 டிசம்பர் 4 அன்று கென்டக்கியின் நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் மாஸி ஒரு கிறிஸ்துமஸ் படம் போட்டார். மரத்துக்கு முன்னால் குடும்பமே சிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு துப்பாக்கி, சாண்டா தாத்தா குண்டு கொண்டுவரட்டும் என்று வாசகம். அதற்கு நாலு நாள் முன்னால்தான் மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் ஒருவன் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தக் கைத்துப்பாக்கி அவன் அப்பா அதே வாரத்துக் கடைத் தள்ளுபடியில் வாங்கியது. பையன் என்ன செய்தான்? படம் எடுத்து, என் புது அழகி என்று இன்ஸ்டாகிராமில் போட்டான். அம்மாவும் தன் பங்குக்கு, மகனோடு போய் அவனுடைய கிறிஸ்துமஸ் பரிசைச் சுட்டுப் பார்த்தோம் என்று போட்டார். 2024-இல் பெற்றோர் இரண்டு பேருக்கும் 10 முதல் 15 வருடம் சிறை. பிள்ளை பள்ளியில் சுட்டதற்காகப் பெற்றோரே உயிரிழப்புக்குப் பொறுப்பென்று தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. அந்த விசாரணையைப் பின்தொடர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே அலசப்பட்டது அமெரிக்க அரசியல் சாசனமோ உரிமையோ கிடையாது. துப்பாக்கி வீட்டில் எங்கே இருந்தது, பூட்டியிருந்ததா, பையன் கை எப்படி எட்டியது, இவ்வளவுதான்.

இப்போது குடகு. நான் விராஜ்பேட்டையில் வங்கி வேலையில் இருந்தபோது குடியிருந்தது ஒரு பழைய சுபேதார் வீட்டு மாடியில். கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஆயுத உரிமத்தில் விலக்கு உண்டு, இந்திய அரசும் 2019-இல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. அங்கே துப்பாக்கி வீட்டு ஆள் மாதிரி. ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வெடி. சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு. விடியலில் இரண்டு வெடி கேட்டால் பால் கறந்துகொண்டிருப்பவர் சொம்போடு எழுந்து நிற்பார், எந்தத் திசை என்று. செப்டம்பர் தொடக்கத்தில், நாற்று நட்டு முடிந்ததும் கைல்போது பண்டிகை. துப்பாக்கிகளைத் துடைத்துப் பூஜையறையில் விளக்குக்கு முன்னால் வைத்து, குழலுக்குப் பூச்சூட்டுவார்கள். என்ன பூ தெரியுமா? செங்காந்தள். நம் மாநிலப் பூ. சாயங்காலம் மைதானத்தில் தேங்காயைக் கட்டிவைத்துச் சுடுகிற போட்டி, அப்புறம் பன்றிக்கறியும் கடம்புட்டும்.

அந்த வீட்டில் துடைக்கிற வேலை சுபேதாருடையது. பூட்டுகிற வேலை அவர் மனைவியுடையது. தோட்டாக்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், நெல் வைக்கிற அறையில், சாவி அவர் இடுப்பில். ராணுவத்தில் சிப்பாய்களை நடத்திய மனிதர் காட்டுப்பன்றியை விரட்ட இரண்டு தோட்டா வேண்டுமென்றால் மனைவியிடம்தான் கேட்பார். அவரும் எண்ணிக் கொடுப்பார், காலையில் எண்ணி வாங்குவார்.

காபி விலை தரைதட்டிய சமயம் அது, 2001, 2002. சுபேதாரின் தம்பி பக்கத்து வீட்டில் இருந்தார். கடன். எங்கள் வங்கியிலும் இருந்தது, எனக்கே தெரியும். சாயங்காலமானால் குடி, குடித்தால் பேச்சு, கொஞ்ச நாளில் பேச்சும் நின்றுவிட்டது. பேச்சு நின்ற வாரம் அந்த அம்மா இரண்டு வீட்டுத் துப்பாக்கிகளையும் ஒரு கோணியில் சுற்றி, ஜீப்பில் வைத்து, தூரத்தில் இருக்கிற பூர்வீக வீட்டுக்கு, ஐன்மனைக்கு, அனுப்பிவிட்டார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு, துப்பாக்கிக் கட்டை பிளந்துவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். எல்லாக் கட்டையும் ஒரே நாளில் எப்படிப் பிளக்கும் என்று சுபேதாரும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. விலை ஏறும்வரை ஆசாரி வேலையை முடிக்கவே இல்லை. போன மாதம் அந்த அம்மா இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னது அந்தத் தம்பிதான். இப்போது ஹோம்ஸ்டே நடத்துகிறார், பேரன் பிறந்திருக்கிறான்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றதும் உங்கள் மனைவிக்கும் மாமனாருக்கும் பள்ளிக்கூடமும் கடைவீதியும்தான் நினைவுக்கு வரும். 2021-இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். டிவியில் வராது. வீட்டுக்குள், அந்த வீட்டுத் துப்பாக்கியால் நடப்பதுதான் இதில் பெரும்பகுதி. மோசமான ராத்திரி யாருக்கும் வரும், பெரும்பாலும் விடிந்தால் கொஞ்சம் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாம். உங்கள் நண்பர் வீட்டில் நாற்பது இருந்தாலும் ஒன்று இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். தோட்டா எங்கே? தனியாகப் பூட்டியிருக்கிறதா? பெட்டகத்தின் எண் யார் யாருக்குத் தெரியும்? பேரனுக்குத் தெரியுமா? பத்து வயதுப் பையன்களுக்குத் தாத்தா வைத்திருக்கிற எதுவும் தெரியாமல் இருக்காது, நமக்குத் தெரியாததா. நாற்பது கதை கேட்டு வந்தவருக்கு இதில் ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே ஐயா!

நூல் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பிள்ளைகளை விளையாட அனுப்பும் முன் பூட்டாத துப்பாக்கி வீட்டில் உண்டா என்று கேளுங்கள் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பெற்றோரிடம் சொல்கிறது. குண்டு போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் சிக்கினால் உங்கள் டெக்ஸாஸ் சட்டத்திலேயே குற்றம். நாகரிகமாக இருக்காது, தப்பாக எடுத்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். முதல் சந்திப்பிலேயே சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்கிற ஊரிலிருந்து போனவர் நீங்கள், இதைக் கேட்க மட்டும் என்ன கூச்சம்? புயலில் உங்களுக்குச் சோறு போட்ட மனிதர், பேரனை வைத்து வளர்க்கிறவர், ஒளிவுமறைவில்லாமல் பெட்டகத்தைத் திறந்தே காட்டுவார் என்றுதான் நினைக்கிறேன். காட்டினால் தாராளமாக அனுப்புங்கள். மழுப்பினால், அந்தப் பையன் உங்கள் வீட்டுக்கு வந்து விளையாடட்டும், தோசை ஊற்றிக் கொடுங்கள்.