5 இலட்சக் காப்புறுதியில் 3 இலட்சம்தான் வந்தது, அதை நிறுத்தலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் நிலாவெளியில் படகு வைத்துப் புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர், வயது 47. 2019இல் இவருக்கு 5 இலட்ச ரூபாய் மருத்துவக் காப்புறுதி எடுத்தோம். முகவர் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. போன மாதம் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்தோம். மொத்தச் செலவு 492,000. காப்புறுதி தந்தது 304,000. மிச்சத்துக்கு என் காப்பை அடகு வைத்தேன். ஆஸ்பத்திரிதான் கொள்ளையடித்தது என்கிறார் இவர், காப்புறுதிக்காரர்தான் கள்ளர் என்கிறார் என் அண்ணா. பொலிசியை நிறுத்திவிட்டு அந்தக் காசை வங்கியில் போடவா, இல்லை 10 இலட்சத் திட்டத்துக்கு மாறவா?

பதில்: டீச்சர், இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. அண்ணாவும் கணவரும் ஆளுக்குப் பாதி சரி, ஆனால் உங்கள் காசு எங்கே போனது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய கம்பனிக் கடிதத்தையும் ஆஸ்பத்திரிப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 188,000 ரூபாய் நாலு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

அறை நாளுக்கு 24,000, நாலு நாளுக்கு 96,000. உங்கள் பொலிசியில் அறைக்கு நாளொன்றுக்கு 10,000தான், ஆகவே 56,000 உங்கள் தலையில். சத்திரசிகிச்சை, மயக்க மருந்து டொக்டர், தியேட்டர் எல்லாம் சேர்த்து 271,000, அதற்குப் பொலிசியின் உச்சவரம்பு 200,000, அங்கே 71,000. மருந்து, பரிசோதனை 83,000இல் கையுறை, பஞ்சு, ஊசி என்று ஒரே வரியில் போட்ட 19,000ஐ ஏற்கவில்லை. அட்மிட் ஆவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன், சனல் பண்ணிய (டொக்டரைத் தனியாகப் பார்த்த) காசு 42,000 வெளிநோயாளர் செலவு என்று முழுதாகத் தள்ளிவிட்டார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற 5 இலட்சத்தை யாரும் தொடவே இல்லை, உள்ளே இருக்கிற சின்ன வரம்புகள்தான் வெட்டியவை. 10 இலட்சத் திட்டத்துக்கு மாறினாலும் அறை வரம்பு அதே 10,000ஆக இருந்தால் இந்த 56,000 அப்படியேதான் போயிருக்கும், பிரீமியம் மட்டும் கூடியிருக்கும். இதை எந்த முகவரும் தானாகச் சொல்லமாட்டார், அவர் சொந்தக்காரராக இருந்தால் நாங்களும் கேட்கக் கூச்சப்படுவோம்.

2019இல் 10,000 அறை வரம்பு மோசமில்லை. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்: 2022இல் 200 ரூபாய்க்கு இருந்த டொலர் சில மாதத்திலேயே 360 வரை போனது, அந்த செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். இறக்குமதி மருந்து, தியேட்டர் சாமான், மின்சாரம் எல்லாம் ஏறி ஆஸ்பத்திரி பில்லும் ஏறியது, பொலிசியில் எழுதிய எண் மட்டும் 2019இலேயே நிற்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பனி மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆஸ்பத்திரிப் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2016 அக்டோபரில் அரசாங்கம் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தது, பிறகு பட்டியல் நீண்டது, ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத கையுறையும் பஞ்சும் என்ன விலை என்று பில்லைப் பார்த்துத்தான் தெரியும். காப்புறுதி இருக்கிறதா என்று வரவேற்பிலேயே கேட்கிறார்கள், இருக்கு என்று நாங்கள் சொன்ன பிறகு விலை கேட்கும் ஆள் அந்த அறையில் யாருமில்லை. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பல இடங்களில் மொத்தமாக ஒரு பக்கேஜ் விலை உண்டு, அட்மிட் ஆகுமுன் கேட்டால்தான் சொல்வார்கள்.

உங்கள் பில்லில் எனக்குக் கண்ணில் குத்தியது நாலாவது நாள். மூன்று இரவுதான் படுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். டொக்டர் காலையிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டார், காப்புறுதி அனுமதி வந்து பில் கைக்கு வரப் பின்னேரம் ஐந்து மணி, அதற்குள் இன்னொரு நாள் வாடகை ஏறிவிட்டது. அவர்களுடைய கடுதாசி வேலை தாமதமானதற்கு நீங்கள் ஏன் 24,000 கட்டவேண்டும்? டிஸ்சார்ஜ் நேரம் எழுதிய டயக்னோசிஸ் அட்டையின் பிரதியோடு ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், 19,000க்கு விபரப் பில்லும் அதே கடிதத்தில் கேளுங்கள். திருப்பித் தந்தால் அந்த 24,000இல் 10,000 காப்புறுதிக்காரருடையது, உங்களுக்கு 14,000. தருவார்கள் என்று நான் உத்தரவாதம் சொல்லவில்லை, தொலைபேசியில் கேட்டால் நிச்சயம் தரமாட்டார்கள்.

இனி முக்கியமானது. நீங்கள் அரசாங்க ஆசிரியை. சம்பளப் பட்டியலில் அக்ரஹார என்று மாதாமாதம் வெட்டுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? அது அரசாங்க ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிற அந்தத் திட்டத்தில் உங்கள் கணவரும் அடக்கம். நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே செலவை இரண்டு இடத்தில் முழுதாக வாங்க முடியாது, ஒரு இடத்தில் வந்தது போக மிச்சத்துக்கு மற்ற இடத்தில் கேட்பதுதான் முறை. மூலப் பற்றுச்சீட்டுகள் கம்பனியிடம் போயிருக்கும், ஆகவே சான்றுப்படுத்திய பிரதிகளும், எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பனி தந்த கடிதமும் எடுத்துக்கொண்டு, வலயக் கல்விப் பணிமனையில் இந்த விடயத்தைப் பார்க்கிறவரிடம் இந்தக் கிழமையே போங்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு. வரம்புகள் அங்கேயும் உண்டு, ஆகவே 188,000 முழுதும் வராது. வருகிற காசு நேரே காப்பை மீட்கப் போகவேண்டும், வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பொலிசியை நிறுத்தினால் என்ன நடக்கும்? நாளைக்கு இன்னொன்று எடுக்கப் போனால் காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குக் காசு தராத தொடக்கக் காலம்) மறுபடி முதலில் இருந்து, வயதும் 47, இதுவரை வந்த வருத்தமெல்லாம் ஏற்கெனவே இருந்த நோய் என்று கணக்காகும். பிரீமியத்தை வங்கியில் போடுவது கணக்குக்கு அழகாக இருக்கும், ஆனால் இரண்டாம் வருடமே பெரிய வருத்தம் வந்தால் வங்கியில் இரண்டு வருடப் பிரீமியம்தான் இருக்கும். ஆகவே வைத்திருங்கள். அடுத்த புதுப்பிப்புக்கு முன் கம்பனிக்கு எழுத்தில் மூன்று கேள்வி: அறை வரம்பை உயர்த்த எவ்வளவு கூடும், சத்திரசிகிச்சை வரம்பை உயர்த்த எவ்வளவு, அட்மிட் ஆகுமுன் செய்யும் பரிசோதனையைச் சேர்க்க முடியுமா. மொத்தத் தொகை 5 இலட்சமே இருக்கட்டும்.

வெட்டியதில் 71,000 பற்றி எனக்கு ஒரு சந்தேகம். மயக்க மருந்து டொக்டரின் கட்டணம் சத்திரசிகிச்சை வரம்புக்குள் வருமா, தனி வரம்பா என்று உங்கள் பொலிசிப் புத்தகத்தில் அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். தனி என்று இருந்தால் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள், அங்கே சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் முறையிடக் காசு கட்டத் தேவையில்லை. ஒன்றுவிட்ட தம்பி கோபிப்பார் என்று யோசிக்காதீர்கள், கடிதம் கம்பனிக்கு, அவருக்கில்லை.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனாலும் சொல்கிறேன். அவசரமில்லாத பித்தப்பைக் கல் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் எடுக்கிற ஒன்றுதான், இலவசமாக, கியூவில் நின்று. சுற்றுலாப் பயணிகள் வராத மாதங்களில் படகு எப்படியும் கரையில்தானே கிடக்கிறது, அடுத்த முறை இப்படித் தள்ளிப்போடக்கூடிய சத்திரசிகிச்சை என்றால் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஓடுமுன் திருகோணமலைப் பொது வைத்தியசாலை கிளினிக்கில் ஒரு திகதி கேட்டுப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கும் அக்ரஹாரவில் ஒரு தொகை தருவார்கள், பணிமனைக்குப் போகும்போது அதையும் சேர்த்து விசாரித்து வையுங்கள்.